சிறிய ஹேட்ச்பேக், மறைந்திருக்கும் கைப்பிடி: ஓர் அனுபவப் பகிர்வு

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து, "நீங்கள் வைத்திருக்கும் அதே வண்டியை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு அதுவரை 28 விழுக்காடு வரியும் அதன்மேல் 1 விழுக்காடு செஸ்ஸும் இருந்தன. இப்போது வரி 18 விழுக்காடுதான் என்பதால், பல நாளாகத் தள்ளிப்போட்டவர்களுக்கும் ஆசை வந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் கேட்பவர்கள் எல்லாரும் மைலேஜைத்தான் கேட்கிறார்கள். பின் இருக்கைக்கான கதவை எப்படித் திறப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மைலேஜைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மதுரை ஊருக்குள் ஏசியோடு ஓட்டினால் லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டர் கிடைக்கிறது. திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் நிதானமாகப் போனால் 20 வரை வருகிறது. விளம்பரத்தில் காட்டும், வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ தரும் மைலேஜ் எண்ணோடு இதை ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை. அந்தச் சோதனை ஆய்வகத்தில், உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு நடத்தப்படுவது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் சற்றுக் குறைந்திருப்பதும் உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், அதற்கு வண்டியை நோவது நியாயமாகாது. சர்வீஸ் செலவு கையைக் கடிக்கவில்லை, கீழமாசி வீதி நெரிசலிலும் ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது, கத்திரி வெயிலிலும் ஏசி கைவிட்டதில்லை.

இனி அந்தக் கைப்பிடி. பின் கதவில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடுதான் இருக்கும். கைப்பிடியோ சன்னல் கண்ணாடி முடிகிற மேல் மூலையில், கறுப்பு பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகச் செங்குத்தாக ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் பார்ப்பவருக்கு வண்டி இரண்டு கதவு கூபேயைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1997-இல் வெளிவந்த ஆல்ஃபா ரோமியோ 156 இந்தப் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தது. இந்தியாவில் 2010-இல் ஷெவர்லே பீட், 2018-இல் மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட், 2020-இல் டாடா அல்ட்ரோஸ் எனச் சிறிய கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது. என் வண்டியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்ல வருவது அந்த வடிவத்தைப் பற்றி.

பழகாதவர் ஒருவர் அதில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முதலில் கதவின் நடுப்பகுதியைத் தடவுவார், பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுப்பார், கடைசியில் முன் கதவைத் திறந்து இருக்கை மடங்குமா என்று குனிந்து பார்ப்பார். வண்டியில் தூசி படிந்திருக்கும் நாட்களில் அவர் தேடிய தடமெல்லாம் விரல் அடையாளமாகக் கதவில் நிற்கும். கல்யாண மண்டப வாசலில் பின்னால் நாலு வண்டி ஹார்ன் அடிக்கும்போது இந்த வேடிக்கை ரசிக்கும்படி இருப்பதில்லை. இடம் தெரிந்தவர்களுக்கும் தொல்லை தீர்வதில்லை. தோள்பட்டை வலியுள்ள என் அம்மா, ஒரு கையில் பையும் மறு கையில் முந்தானையுமாக நின்று, கையை அந்த உயரத்துக்குத் தூக்கி விரல்களை இடுக்கில் நுழைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்குப் போகும் சிறுவர்களுக்கோ எட்டவே எட்டாது. இதனால் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்துவிட வேண்டும். கைப்பிடிக்கு இடம் விட்டதில் பின் சன்னல் சுருங்கி, அதை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூண் பருத்துவிட்டது என்பதைப் பின்னால் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

அண்மையில் யாரோ அவசரத்தில் கோணலாக இழுத்ததில் உள்ளே ஒரு கொக்கி உடைந்தது. கொக்கி மட்டும் தனியாக வராது, கைப்பிடியை முழுதாகத்தான் மாற்ற வேண்டும் என்று பணிமனையில் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன் என்பதையும் வாசிப்பவர் கணக்கில் கொள்ளலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும் வண்டியை வெறுக்க முடியவில்லை. ஏனென்றால் வண்டி அழகு. கைப்பிடி கதவின் நடுவில் இருந்திருந்தால், முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை தடையில்லாமல் ஓடும் அந்தக் கோடு கிடைத்திருக்காது; மாலை வெயிலில் நிறுத்திவிட்டு நடந்தால் நானே திரும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் 2024-இல் வந்த நான்காம் தலைமுறை ஸ்விஃப்டில் கைப்பிடி மறுபடியும் கதவுக்கே இறங்கிவந்ததும், அது அழகில் ஒன்றும் குறைந்துவிடாததும் என்னைச் சற்று உறுத்துகின்றன.

விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு வண்டிக்கு மாறச் சொன்னால் மறுத்துவிடுவேன். ஆனால் வாங்கலாமா என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் பின் இருக்கையில் வருவார்கள் என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில். இல்லை, பிடித்துவிட்டது என்றால், டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் ஓடிவந்து பின் கதவைத் திறந்துவிடப் பார்ப்பார்; அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவையே திறக்கச் சொல்லுங்கள்.