ஹோத்தா, ஸ்லீவ் லீக்கா?

அயர்லாந்தில் ஒரு நாள் கடலோர மலைநடை என்றால் என் மனம் வடமேற்கே இருக்கும் டோனெகல் மாவட்டத்துப் பக்கம்தான் சாயும். அங்கிருக்கும் ஸ்லீவ் லீக் மலையின் உச்சி 601 மீட்டர். காலடியில் அட்லாண்டிக் பெருங்கடல். ஆனால் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. ஈரக் கரிமண் சொதசொதவென்று பூட்ஸை உள்ளே இழுக்கும். 'ஒற்றையாள் பாதை' என்று சொல்லப்படும் குறுகிய முகட்டில், காற்று பலமாக அடிக்கும் நாளில் கால் வைக்கவே கூடாது. மழையை விடக் காற்றுக்குத்தான் அங்கே பயப்பட வேண்டும்.

டப்ளினை ஒட்டிய ஹோத் குன்று அப்படியில்லை. டார்ட் ரயிலை விட்டு இறங்கியதும் நடக்கத் தொடங்கலாம். உயரம் 171 மீட்டர்தான். சிறிய சுற்று சுமார் 6 கிலோமீட்டர், பெரியது 12. மழை வலுத்தால் பாதியிலேயே ஊருக்குள் திரும்பிவிடலாம். வசந்தத்தில் பாதையோரம் மஞ்சளாகப் பூத்திருக்கும் கோர்ஸ் பூவை முகர்ந்து பாருங்கள், அப்படியே தேங்காய் வாசனை!

சரி, எதற்குப் போவது? முதல் முறை என்றாலோ, மேகம் தாழ்ந்திருந்தாலோ யோசிக்காமல் ஹோத். வானம் தெளிந்து காற்றும் அடங்கும் என்று அயர்லாந்தின் வானிலை மையமான மெட் ஏரன் சொன்னால் ஸ்லீவ் லீக். டப்ளினிலிருந்து போகிறவர்கள் அந்தப் பக்கம் ஓர் இரவாவது தங்குங்கள். எங்கே போனாலும் காலை வெயிலை நம்பி மழைக்கோட்டை அறையில் விட்டுவிடாதீர்கள்.