திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ: ஐந்து பயணங்களின் கணக்கு

மகள் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் குடியேறிய பிறகு, 2014 முதல் ஐந்து தடவை போய் வந்துவிட்டேன். ஊரில் யார் கனடாவுக்கு வெளிக்கிட்டாலும் என்னிடம் வந்து, "அக்கா, எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். இணையத்தில் தட்டினால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர், பதினாறு மணித்தியாலம் சொச்சம் என்று வரும். தூரம் சரி. அந்த நேரத்தை நம்பி வெளிக்கிடாதீர்கள். அது தூரத்தை விமான வேகத்தால் பிரித்த கணக்கு. இந்த வழியில் நேரடி விமானமே இல்லை.

நான் பெரும்பாலும் துபாய் வழிதான். கொழும்பிலிருந்து துபாய் சுமார் 3,300 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து ரொறன்ரோ சுமார் 11,100, பதினாலு மணித்தியாலம். கூட்டிப் பார்த்தால் 400 கிலோமீற்றர்தான் சுற்று. முதல் தடவை இருக்கைத் திரையில் விமானம் வடக்கே வளைந்து போவதைக் கண்டு, ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று பயந்துபோனேன். பேரனின் உலக உருண்டையில் துபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் நூலை இழுத்துப் பிடித்தபோதுதான், அந்த வளைவுதான் குறுக்குவழி என்று விளங்கியது. திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று தள்ளிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் துபாயில் அதிகாலை 3.30க்கு ஏறி, ரொறன்ரோவில் காலை 9.30க்கு இறங்கினால் ஆறு மணித்தியாலம் போலத் தோன்றும். இடையில் எட்டு மணித்தியால வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

எங்களுக்குப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லையே. வீட்டுப் படியிலிருந்து வான் வண்டியில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் ஒருமுறை வான் சட்டென்று நின்றது. வெளிச்சத்தில் ஒரு யானையின் பெரிய பின்பக்கம், மண் அப்பிய வால், பிறகு குட்டி. டிரைவர் தம்பி, "அம்மா, கதைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் போனது. அதனால் விமானத்துக்குப் பத்து மணித்தியாலம் முன்பே வெளிக்கிடுவேன். காத்திருப்பு, குடிவரவு எல்லாம் சேர்த்து மகளின் வாசலை மிதிக்கும்போது முப்பத்துநாலு மணித்தியாலம் ஆகிவிடும்.

2017இல் மலிவு என்று வேறொரு நகரம் வழியாக, ஒரு மணி இருபது நிமிட இடைவெளியில் டிக்கெட் எடுத்தேன். முதல் விமானம் ஐம்பது நிமிடம் பிந்தியது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாசல் மூடியிருந்தது. அடுத்த விமானம் மறுநாள். மருந்துப் பெட்டி சூட்கேசுக்குள், சூட்கேஸ் அவர்களிடம். அந்த இரவை நான் மறக்க மாட்டேன். அன்றுமுதல் இடையில் நாலு மணித்தியாலம் இல்லாத டிக்கெட்டை எடுப்பதில்லை, விலை கூடினாலும். பிரஷர் குளிசை எப்போதும் கைப்பையில்.

பதினாலு மணித்தியாலம் இருந்தால் கால் வீங்கும். நடைபாதைப் பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடவுங்கள். செருப்பு ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறங்கும்போது பழைய அளவுச் செருப்பு காலில் ஏறாது.