முதுகெலும்பு முறிவும் நரம்புக் காயமும்: ஊர்ப் பயணத்தில் அருகிருந்து கண்ட சிகிச்சை

நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, அக்காவின் கணவர் மாடிக் கைப்பிடிச் சுவரைச் சரிபார்க்கையில் நிலைதவறி, இரு குதிகால்களும் தரையில் ஊன்றும்படி விழுந்தார். முதல் இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கி, அதன் பின்பக்கத் துண்டொன்று நரம்புகள் செல்லும் கால்வாய்க்குள் தள்ளப்பட்டிருந்தது. விடுமுறையின் மீதிப் பகுதி முழுவதும் மருத்துவமனைகளிலேயே கழிந்ததால், இத்தகைய காயத்துக்கு இங்கே கிடைக்கும் சேவையை அருகிருந்து பார்க்க நேர்ந்தது. அறுவை அரங்கில் கிடைத்த சேவை, நான் வாழும் நாட்டில் கிடைப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. அந்த அறைக்கு முன்னும் பின்னும் கிடைத்தவற்றைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. முதுகெலும்புக் காயத்தில் நோயாளியின் பிற்கால வாழ்வைத் தீர்மானிப்பதில் அந்த முன்னும் பின்னும் பெரும்பங்கு வகிப்பதால், அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அத்தானைத் தூக்கி உட்கார வைக்க முயன்ற எங்களைத் தடுத்து, தலை, தோள், இடுப்பு, கால் என ஆளுக்கொரு பகுதியைப் பிடித்து, ஒருவர் குரல் கொடுக்க உடலை ஒரே கட்டையாக உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள். முறிந்த முதுகை வளைத்துத் தூக்கினால் எஞ்சியிருக்கும் நரம்பும் நசுங்கக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் செய்தது சரி. பிழை அடுத்த இடத்தில் நிகழ்ந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் அந்தக் கடினமான பலகையிலேயே அவரை வெகுநேரம் கிடத்தியிருந்தார்கள். பலகை ஏற்றி இறக்குவதற்கானதே தவிரப் படுக்கை அன்று. தொடு உணர்வு இழந்த உடல் அதன்மீது சில மணி நேரம் கிடந்தாலே இடுப்பின் பின்புறத்தில் படுக்கைப் புண் உருவாகத் தொடங்கிவிடும்.

அங்கே நடந்த பரிசோதனையும் குறைபட்டதாகவே இருந்தது. கால்களை அசைக்கச் சொன்னார்கள்; பலவீனமாக அசைந்தன; "இரு கால்களிலும் பலவீனம்" என்று ஒரு வரி எழுதினார்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் தொடு உணர்வும் குத்து உணர்வும் இருக்கின்றனவா, அதன் தசை இறுகுகிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா ஆகிய கேள்விகளுக்கு அந்தப் பதிவேட்டில் விடையில்லை. கூச்சத்தின் காரணமாகவோ நேரமின்மையாலோ விடுபடும் இந்தச் சோதனை, நரம்புக் காயம் முழுமையானதா பகுதியளவிலானதா என்பதைப் பிரித்துக் காட்டும் திறவுகோலாகும். திரிகத்தின் (இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள எலும்பின்) கடைசி நரம்புகளில் சிறிதளவு உணர்வு எஞ்சியிருந்தால்கூட அது பகுதிக் காயம். அவ்வாறானவர்கள் மீளும் வாய்ப்பு கணிசமாகக் கூடுதல். தண்டுவடக் காயங்களை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில், முழுக் காயத்தைப் பகுதிக் காயத்திலிருந்து பிரிக்கும் கோடு இந்தச் சோதனையின்மீதுதான் நிற்கிறது.

இரண்டாவது மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் வந்தவுடன் செய்த முதல் வேலை, இந்தச் சோதனையை முழுமையாகச் செய்து, நேரத்தைக் குறித்துக் கையொப்பமிட்டதுதான். சில மணி நேரம் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்தார். நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் அவசரம் கூடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பதிவு தேவை என்றார். முதல் மருத்துவமனையின் ஒற்றை வரியை வைத்து எதையும் ஒப்பிட முடியவில்லை. குதிகால்களையும் அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவர்களுக்குக் குதிகால் எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்தே உடைவதுண்டு. கடுமையான முதுகுவலியில் குதிகால் வலி கவனத்துக்கு வராமல் போய்விடும்.

முறிவு ஏன் அந்த இடத்தில் நேர்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. விலா எலும்புகளால் இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட மார்பு முதுகும், எளிதில் வளையும் இடுப்பு முதுகும் சந்திக்கும் பகுதியில், அதாவது பதினோராவது மார்பு முள்ளெலும்புக்கும் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்கும் இடையில், விசையெல்லாம் குவிகிறது. பெரியவர்களில் தண்டுவடம் முடிவடைவதும் ஏறத்தாழ முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில்தான். அதற்குக் கீழே குதிரைவால் எனப்படும் நரம்பு வேர்க் கற்றை மட்டுமே இறங்குகிறது. தண்டுவடத் திசுவைவிட இந்த வேர்கள் அழுத்தத்தை ஓரளவு தாங்குபவை; நசுக்கம் நீங்கினால் மீண்டு செயல்படும் வாய்ப்பும் அவற்றுக்கு அதிகம். ஆகவே கழுத்திலோ மார்பிலோ தண்டுவடம் சிதைந்தவரின் கதையைக் கேட்டுவிட்டு, இடுப்புப் பகுதிக் காயத்துக்கும் அதே முடிவுதான் என்று உறவினர்கள் தாமாகவே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித் தீர்ப்பெழுதியவர்கள் பலர் இருந்தார்கள்.

சி.டி. ஸ்கேன் எலும்புத் துண்டுகளையும் கால்வாய் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதையும் காட்டியது. பின்புறத் தசைநார்கள் அறுந்துள்ளனவா, நரம்புகளைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அறுவை வேண்டுமா என்ற எங்கள் கேள்விக்கு மருத்துவர் படத்தைக் காட்டி அச்சமூட்டவில்லை. 2005இல் வெளியான மதிப்பெண் முறையொன்றை எங்களுக்கு முன்னால் வைத்தார். முறிவின் வடிவம், பின்புறத் தசைநார்களின் நிலை, நரம்பின் நிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, மொத்தம் 3 அல்லது அதற்குக் குறைவானால் பொதுவாக இடுப்புப் பட்டையும் ஓய்வும், 5 அல்லது அதற்கு மேற்பட்டால் அறுவை, 4 என்றால் மருத்துவரின் தேர்வு என்பது அதன் கணக்கு. அதில் முழுமையான தண்டுவடக் காயத்துக்கு 2 மதிப்பெண்ணும், பகுதிக் காயத்துக்கும் குதிரைவால் காயத்துக்கும் 3 மதிப்பெண்ணும் தரப்படுகின்றன. குறைவாகச் சேதமடைந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண்ணா என்று அக்கா கேட்டார். அழுத்தத்தை நீக்கிக் காப்பாற்ற இன்னும் ஏதோ எஞ்சியிருப்பவருக்கே அறுவையால் அதிகப் பயன் என்று மருத்துவர் விளக்கியபோது, நாங்கள் செய்ய வேண்டிய முடிவு எளிதாகிவிட்டது.

காலத்தைப் பற்றி அவர் கண்டிப்பாக இருந்தார். பகுதியளவிலான நரம்புக் காயத்தில், நோயாளியின் உடல் தாங்குமானால், 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்குவதே இன்று பெரும்பாலான மையங்கள் இலக்காகக் கொள்வது. முதல் மருத்துவமனையில், எம்.ஆர்.ஐ. இயக்குபவர் காலையில்தான் வருவார் என்று சொல்லி இரவு முழுவதும் எங்களைக் காத்திருக்க வைத்தார்கள். இரவில் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத இடம் நரம்புக் காயத்தோடு வந்தவரைச் சேர்க்காமல், முதலுதவி மட்டும் செய்து உடனே அனுப்பிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே இரவில் ஸ்டீராய்டு ஊசியை அதிக அளவில் போடலாமா என்ற பேச்சும் எழுந்தது. 1990இல் வெளியான ஆய்வைத் தொடர்ந்து உலகெங்கும் வழக்கமான அந்தச் சிகிச்சையை, தொற்று, இரைப்பை இரத்தக் கசிவு போன்ற விளைவுகளைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கைவிடச் சொன்னது. பின்னர் வந்த வேறு வழிகாட்டுதல்கள், காயமடைந்த 8 மணி நேரத்துக்குள் மட்டும் அதனை ஒரு தெரிவாக அனுமதித்துள்ளன. இரண்டாவது மருத்துவமனையில் அதைத் தவிர்த்து, இரத்த அழுத்தம் தாழாமல் பார்த்துக்கொள்வதில் கவனம் செலுத்தினார்கள். நசுங்கிய தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டமும் குறைந்தால் அது இரண்டாவது காயமாகிவிடும்.

அறுவையைப் பற்றி மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்தேன்: "திருகும் கம்பியும் எலும்புக்கு, நரம்புக்கு நாங்கள் இடம் மட்டும்தான் ஒதுக்கிக் கொடுக்க முடியும், மீள்வது அதன் வேலை." நோயாளியைக் குப்புறக் கிடத்தி, வயிறு அழுந்தாதபடி பஞ்சணைகளில் தாங்குகிறார்கள், வயிறு அழுந்தினால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்து இரத்தப்போக்கு மிகும். நகரும் எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே, முறிந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளில் டைட்டானியம் திருகுகளைச் செலுத்தி, இருபுறமும் கம்பியால் இணைக்கிறார்கள். கம்பியைச் சற்று நீட்டிப் பிடிக்கும்போது, அறுபடாத தசைநார் இழுபட்டு, உள்ளே தள்ளப்பட்ட துண்டு ஓரளவு தன் இடத்துக்குத் திரும்புவதும் உண்டு. அது போதாதபோது பின்புற எலும்பு வளைவை நீக்கி நேரடியாக அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். முன்பகுதி முழுவதும் நொறுங்கியிருந்தால் அதை அகற்றி உலோகக் கூடு பொருத்த வேண்டியும் வரலாம். எலும்பு வளைவை மட்டும் நீக்கிவிட்டுக் கம்பி பொருத்தாமல் விடுவது முதுகை மேலும் நிலைகுலையச் செய்யும் என்பதால், இத்தகைய முறிவில் அது ஏற்கத்தக்கதன்று. அத்தானுக்குப் பின்புற எலும்பின் வெடிப்பில் நரம்புறை கிழிந்து வேர்கள் சிக்கியிருந்தன. அவற்றை விடுவித்து உறையைத் தைத்ததாக அறுவைக் குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அறுவை முழுவதும் கால் நரம்புகளின் மின் சமிக்ஞைகளைக் கண்காணிக்கத் தனியாக ஒருவர் இருந்தார். இந்தப் பகுதியில் எனக்குக் குறைசொல்ல ஏதுமில்லை.

குறை, வார்டுக்கு வந்த பிறகு. முதுகு உறுதிப்பட்டதால் விரைவிலேயே உட்கார வைத்தார்கள். கால் சிரைகளில் இரத்தம் உறையாமலிருக்க ஊசியும் காலுறையும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். எல்லோரும் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீர்ப்பையைப் பார்க்க ஆளில்லை. கதீட்டரை எடுத்தபின் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்ததைக் கண்டு, "தானாகப் போகிறது" என்று மகிழ்ந்தார் பணியில் இருந்த செவிலியர். ஸ்கேனில் பார்த்தபோது பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. குதிரைவால் காயத்தில் சிறுநீர்ப்பைத் தசை சுருங்கும் ஆற்றலை இழந்து தொய்ந்துவிடுகிறது. வெளியேறுவது மிகுதியான நீரின் கசிவே தவிரச் சிறுநீர் கழித்தல் அன்று. இதைக் கவனியாமல் விட்டால் தொற்றும், காலப்போக்கில் சிறுநீரகச் சேதமும் வரும்.

இதற்கான தீர்வு புதியதுமன்று, கடினமானதுமன்று. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்தி, பையில் ஏறத்தாழ அரை லிட்டருக்கு மேல் சேராதபடி வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிட வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் இவ்வாறு விட்டுவிட்டு வெளியேற்றும் முறையை வலியுறுத்தினார். 1972இல் ஜாக் லாபிடிஸ், அறுவை அரங்கின் நுண்ணுயிர் நீக்கம் தேவையில்லை, சோப்பிட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று எழுதினார். அதனால்தான் நோயாளி அதைத் தானே வீட்டில் செய்துகொள்ள முடிகிறது. அத்தானுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்படி நாங்கள் மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. இறுதியில் கற்றுத் தந்தவர், அறுவைக்குப் பின் அத்தான் சென்ற மறுவாழ்வு மையத்தின் செவிலியர். அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த மையத்தைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும். மலம் கழிப்பதற்கு நாள்தோறும் ஒரே நேரத்தைப் பழக்கினார்கள்; கால் பாதம் தொங்குவதைத் தடுக்கக் கணுக்கால் தாங்கி செய்து கொடுத்தார்கள்; சுடுநீர் தெரியாமல் பட்டுத் தோல் வெந்துவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். பிட்டத்தையும் குதிகால்களையும் தினமும் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார்கள். தாம்பத்திய உறவைப் பற்றி அக்காவும் அத்தானும் கேட்கத் தயங்கியதை ஒரு மருத்துவரே எடுத்துப் பேசினார். காலம் முழுவதும் யாரும் பேசாமலே விட்டுவிடும் விஷயம் அது. எரிச்சலும் மின்னலடிப்பது போன்ற வலியும் நரம்பு வலி என்பதையும், சாதாரண வலிமாத்திரை அதற்கு உதவாது என்பதையும் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டோம். அறுவை நடந்த இடத்திலேயே இந்தத் துறையினர் முதல் நாளிலிருந்து வந்து பார்த்திருந்தால் பல தொல்லைகள் குறைந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு வளாகங்களில் இருப்பதும், இடையில் கடிதம் கொண்டுபோகும் வேலை உறவினர் தலையில் விழுவதும்தான் இங்குள்ள சேவையின் மிகப் பெரிய ஓட்டை.

எப்போது நடப்பார் என்ற கேள்விக்கு யாரும் தேதி தரவில்லை. அது நேர்மையான செயல். மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் தெரியும் என்றும், அதன்பின் மெதுவாக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரையிலும் மாற்றம் தொடரலாம் என்றும் சொன்னார்கள். துண்டிக்கப்பட்ட நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால், தொடைத் தசை முதலில் வலுப்பெற்று, பாதம் கடைசியில் வருவதும் அல்லது வராமலே போவதும் இயல்பு. நான் திரும்பும்போது அத்தான் இணைகம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது பாதம் இன்னும் எழவில்லை. குழாயைத் தானே செலுத்திக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் விடுப்புக் குறிப்பை மட்டும் அயல்நாட்டிலிருந்து வரும் உறவினர் பொறுப்பெடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு முதலில் தந்ததில் "அறுவை வெற்றி" என்று இருந்ததே தவிர, எந்தெந்த முள்ளெலும்பில் எந்த நிறுவனத்தின் திருகு என்பதும், விடுப்பின்போது ஒவ்வொரு தசையின் வலிமையும், சிறுநீர் கழித்தபின் பையில் எஞ்சும் அளவும், அடுத்த எக்ஸ்ரே எப்போது என்பதும் இல்லை. கேட்டவுடன் முகம் சுளிக்காமல் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்கேன் படங்கள் உள்ள குறுவட்டையும் கொடுத்தார்கள். பொருத்தியது டைட்டானியம் என்பது எழுத்தில் இருந்தால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் தடை சொல்லமாட்டார்கள் என்பதால், அந்தத் தாளின் நகலை அத்தானின் மருந்துப் பையிலும் ஒன்று வைத்துவிட்டு வந்தேன்.