வீக்கமா, நீரா? ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேனுக்குப் போன அனுபவம்

“நல்லா ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காருங்கக்கா. முட்டிக்கிட்டு வந்தா சொல்லுங்க.”

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டரில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். வயிறு ஸ்கேன் என்றாலே நம் ஊரில் இதுதான் வழக்கம், உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் பார்க்க வந்தது கர்ப்பப்பையையோ சிறுநீர்ப்பையையோ அல்ல. தொப்புளுக்கு வலப்பக்கம், தோலுக்கு அடியில் திடீரென்று புடைத்த ஒரு மேட்டை. மதுரையில் வயிற்றுக்கும் இடுப்புக்கும், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் செய்துகொண்டு, தங்கச்சிமடத்தில் அம்மா வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன். நான் வசிக்கும் சிங்கப்பூரில் ஆகும் செலவை நினைத்தும், கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறாள் என்பதாலும்தான் ஊரில் செய்துகொண்டேன். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

கவுண்டரில் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னேன். “உள்ளே எதையும் பார்க்க வேண்டாம்மா, தோலுக்குக் கீழே மட்டும்தான். தண்ணீர் தேவைப்படாது.”

“அப்டமன்னு எழுதியிருக்கு. தண்ணி குடிக்காம உள்ள விட்டா டாக்டர் என்னையத் திட்டுவாங்கக்கா.”

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் செய்கிறாள். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருக்க வேண்டிய, மார்புக்குக் கீழிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் உடை. பக்கவாட்டில் வரிசையாக ஊக்குகள், அதற்கு மேல் ஒரு ஜிப். ஒரு முறை கழற்றி மாட்ட இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். கூட வந்த மதினியோ என் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். அந்த உடைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மாசமான பெண்கள் ஏழெட்டுப் பேர். சுவரில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்ற பலகை. கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மெஷினை மறுபடி போட நேரமாகும் என்றார்கள். புதுத் தையல் இருக்கும் வயிற்றில் மூத்திரம் முட்டுவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எழுந்து பாத்ரூம் பக்கம் போனால், “அக்கா, போயிட்டா திரும்பக் குடிச்சு மொதல்லருந்து உக்காரணும்” என்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிங்கப்பூரில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோதும் ஸ்கேன் எடுத்தேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, தண்ணீர் குடித்து வர வேண்டுமா என்று முதல் நாளே செய்தி வந்துவிட்டது. எந்த உறுப்பைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அதைச் சொன்னார்கள்.

சரி, அந்த ஸ்கேனுக்கு ஏன் போக வேண்டி வந்தது? மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோதெல்லாம் ஒரே பதில். “வீக்கம் இருக்கத்தான் மேடம் செய்யும்.” டாக்டரிடம் பேச வேண்டும் என்றால், “சார் தியேட்டர்ல இருக்காங்க.” வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளில், எனக்கு என்ன செய்தார்கள் என்பது ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருந்தது. நான் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி இல்லை. பித்தப்பைக்குச் சிங்கப்பூரில் கொடுத்த தாளில் அது மட்டும்தான் இருந்தது. கீழே ஒரு நம்பர், ராத்திரியில் அடித்தாலும் எடுத்தார்கள்.

இந்த ஆபரேஷனுக்கு அப்படி ஒரு தாள் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் இதில் நீர் மூன்று வகையாக வருகிறது. 1980களில் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் கொண்டுவந்த முறைதான் இன்றும் அடிப்படை. உப்பு நீரில் மரத்துப்போகச் செய்யும் மருந்தையும், ரத்தம் அதிகம் போகாமலிருக்க அட்ரினலினையும் கலந்து தோலுக்கு அடியில் நிரப்பிவிட்டு, பிறகு கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். நிரப்பிய நீர் முழுவதும் திரும்ப வெளியே வருவதில்லை. முதல் ஓரிரு நாள் குழாய் விடப் போட்ட சின்ன ஓட்டைகள் வழியாக ரோஸ் நிறத்தில் கசிந்து, விரிப்பெல்லாம் நனைந்துவிடும். அம்மா அதைப் பார்த்து ரத்தம் என்றே நினைத்து, “என்னத்தா இது, இப்படிக் கொட்டுது” என்று அலறிவிட்டாள். அது இயல்புதான். கசிந்து வெளியேறுவது நல்லதும்கூட.

அடுத்தது உண்மையான வீக்கம். உள்ளே குழாயை விட்டுக் குடைந்த சதை புண்பட்டு நீர் கோத்துக்கொள்கிறது. முதல் வாரத்தில் ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். பெரும்பகுதி வடிய 4 முதல் 6 வாரம். உடம்பு அதன் உருவத்துக்கு வந்து சேர 3 மாதம், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். நின்று நடக்கும்போது வயிற்று வீக்கம் கீழே இறங்கி, தொடைக்கும் பிறப்புறுப்புப் பக்கத்துக்கும் வரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் நடுங்கிப்போவாள்.

மூன்றாவதுதான் எனக்கு வந்தது. கொழுப்பு போன இடத்தில் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகி, அதில் ஊறும் நீர் தேங்கிவிடுகிறது. செரோமா என்கிறார்கள். எல்லா வீக்கமும் வடிந்துகொண்டு வரும்போது ஓர் இடம் மட்டும் புதிதாகப் புடைக்கும். போனில் “வீக்கம் இருக்கத்தான் செய்யும்” என்று சொன்னவருக்கு, நான் இதைச் சொல்கிறேன் என்று கடைசிவரை புரியவே இல்லை.

ஒருவழியாக என் பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த டாக்டரம்மா ஐம்பதைத் தாண்டியவர். சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “இதுக்கு எதுக்கும்மா தண்ணி? மொதல்ல பாத்ரூம் போயிட்டு வாங்க. நாங்க இருக்கோம், மெதுவா வாங்க.” வெளியே நர்ஸைக் கூப்பிட்டு எனக்கு உடையைக் கழற்ற உதவச் சொன்னார். அந்த மூன்று வாக்கியத்தில் என் கோபம் பாதி போய்விட்டது.

திரும்பி வந்து படுத்ததும், மெஷினைத் தொடுவதற்கு முன்பு என் கையைப் பிடித்து என் வயிற்றிலேயே பாடம் நடத்தினார். இடது பக்கம் கட்டை விரலால் அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்தார். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றது. “இது சதையில கோத்த நீர். தானா வடியும்.” அப்புறம் மேட்டின் ஒரு ஓரத்தில் என் விரல்களை வைக்கச் சொல்லிவிட்டு, மறு ஓரத்தில் லேசாகத் தட்டினார். தண்ணி பாக்கெட்டைத் தட்டினால் ஆடுமே, அப்படி ஓர் அலை வந்து என் விரலில் முட்டியது. “இது தேங்கின நீர்.” ஜெல் தடவி, தட்டையான சின்னக் கருவியை வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். தோலுக்கும் சதைக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை. நீர் ஸ்கேனில் கறுப்பாகத்தான் தெரியும் என்றார். சிங்கப்பூரில் நான் ஸ்கேனுக்குப் படுத்தபோது யாரும் எனக்குத் திரையைக் காட்டியதில்லை. ரிப்போர்ட் டாக்டருக்குப் போகும், டாக்டர் சொல்வார், அவ்வளவுதான். இந்த அம்மா இரண்டு நிமிடத்தில் என்னை எனக்கே புரிய வைத்துவிட்டார்.

சின்னதாக இருந்தால் உடம்பே இழுத்துக்கொள்ளும், இது பெரிது, ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றார். எடுப்பது ஆபரேஷன் செய்தவராகவே இருக்கட்டும், பக்கத்துக் கிளினிக்கில் குத்த வேண்டாம், கிருமி போனால் சீழ் பிடிக்கும் என்றும் சொன்னார். காய்ச்சல், தோல் சிவந்து சுடுவது, நாற்றமுள்ள நீர், இவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, மதுரை வரை போகிற யோசனையே கூடாது. காலில் ரத்தம் கட்டியிருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போயிருக்கலாம், இங்கே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2022இல் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பேச்சில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் எதற்கெடுத்தாலும் மதுரைதான்.

மதுரையில் சர்ஜன் ஊசியால் இழுத்தார். வெளிர் மஞ்சளில் லேசாகச் சிவப்பு கலந்த நீர். அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்து உடையை மாட்டி அனுப்பினார். கொஞ்ச நாளில் திரும்பச் சேர்ந்ததையும் எடுத்தார். அது சகஜம் என்று இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டார். “போன்ல சொல்லியிருந்தா அன்னைக்கே வரச் சொல்லியிருப்பேனேம்மா” என்றார். நான் போன் செய்தது ஒன்றுகூட அவர் காதுக்குப் போகவில்லை! கத்தி பிடிக்க இவ்வளவு நல்ல கை இருக்கும் இடத்தில், போனை எடுப்பவருக்கு நாலு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா?

துவைத்து மாற்ற இன்னொரு உடை தேடியபோது ராமநாதபுரத்து மருந்துக் கடைகளில் கிடைத்தது டெலிவரி பெல்ட்தான். “நார்மலா, சிசேரியனா?” என்று கேட்டே எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். உட்கார்ந்தால் இடுப்பில் மடிந்து தடம் பதியும், அதற்கு மேலும் கீழும் வீங்கும். ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இரண்டு செட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்து உப்புக் காற்றில் ஒரே உடையோடு இருப்பது நரகம்.

அம்மா கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தாள். சின்ன வயதில் எல்லா வலிக்கும் எங்களுக்கு அதுதான், அந்த வாசம் வந்ததும் நெஞ்சு உருகியது. ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டேன். ஆபரேஷன் செய்த தோல் பல வாரத்துக்கு மரத்துக்கிடக்கும், சுட்டாலும் உறைக்காது, வெந்துவிடும். கருவாட்டையும் குறைத்துக்கொண்டேன். உப்பு அதிகமாகப் போனால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டுப் போ என்று சித்தி நச்சரித்தாள். புண் முழுக்க மூடி டாக்டர் சரி என்று சொல்லும் வரை கடலும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம் என்று அவளுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விமானம் பற்றிக் கேட்டபோது, காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் ரத்தம் கட்டும் அபாயம் இருக்கிறது, நீர் சேர்வது நின்ற பிறகு போங்கள் என்றார் சர்ஜன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். தினமும் காலையும் மாலையும் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்துவிட்டு வருகிறேன்.