போர்பன் பீப்பாயா, பிரெஞ்சு ஓக்கா: ஒரு பாட்டில் அன்யேஹோ வாங்குமுன்

மெக்சிகோவின் கற்றாழைச் சாராயமான டெக்கீலாவில், மரப்பீப்பாயில் ஊறியது ஒன்றே ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தால் போதும் என்று நினைப்பவன் நான். தேர்வு மூன்று அன்யேஹோவுக்குள், அதாவது ஓர் ஆண்டாவது ஊறியவற்றுக்குள், வந்து நின்றது: எல் தெசோரோ அன்யேஹோ, காசா நோப்லே அன்யேஹோ, எர்ராதுரா அன்யேஹோ. வாங்கியது எல் தெசோரோ. எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பொதுவானவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். மூன்றும் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தவை. மூன்றும் நீலக் கற்றாழையின் சர்க்கரையிலிருந்து மட்டுமே காய்ச்சியவை. அன்யேஹோ என்று எழுத வேண்டுமானால் 600 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது ஓர் ஆண்டு கிடக்க வேண்டும் என்பது விதி. மூன்றும் அதைத் தாண்டியவை. பாட்டில் அழகில் காசா நோப்லே முந்தும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வேறுபாடு பீப்பாயில் இருக்கிறது. காசா நோப்லே பிரெஞ்சு ஓக்கில் ஊறுகிறது. எர்ராதுரா உட்புறம் கருக்கிய அமெரிக்க ஓக்கில் 25 மாதம் கிடக்கிறது. எல் தெசோரோ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் இருப்பது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி ஊறி முடித்த பழைய பீப்பாயில். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக்கில்தான் ஊறவைக்க வேண்டும். ஒரு முறை போர்பன் இறங்கிய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் அதன்பின் ஸ்காட்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் கப்பலேறுகின்றன. எல் தெசோரோவும் ஜிம் பீம் போர்பனும் இன்று ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன என்பது இதில் ஒரு துணைச்செய்தி.

'பழைய பீப்பாய்தானே, மலிவுக்காக வாங்குகிறார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. மலிவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் டெக்கீலாவுக்கு அது அமைந்துவிட்ட நன்மை. தேங்காய்க்கு முதல் பால், இரண்டாம் பால் என்று இருப்பதுபோல ஓக் மரத்துக்கும் உண்டு. வனிலா மணம், கருகிய சர்க்கரை, அமெரிக்க ஓக்கிற்கே உரிய அந்தத் தேங்காய் வாசனை எல்லாவற்றிலும் கெட்டியானதைப் போர்பன் முதலில் உறிஞ்சிவிடுகிறது. டெக்கீலாவுக்குக் கிடைப்பது இரண்டாம் பால்.

அதுதான் வேண்டும் என்கிறேன், ஏனென்றால் இங்கே முழு வழக்கும் ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: ஊறி முடிந்த பிறகு கற்றாழை மிஞ்சுகிறதா, இல்லையா? விஸ்கிக்கான தானியம் ஒரே பருவத்தில் விளைந்து வந்துவிடுகிறது. அதன் சுவையில் பெரும்பங்கு மரம் கொடுத்தது. நீலக் கற்றாழை அப்படியல்ல. வெட்டுக்கு வர ஆறு, ஏழு ஆண்டுகள் வயலில் நிற்கிறது. அரண்டாஸ் மேட்டுநிலத்தில் உள்ள எல் தெசோரோவின் வடிசாலையில் அதன் அடித்தண்டைச் செங்கல் அடுப்பில் நாள்கணக்கில் வேகவைத்து, இரண்டு டன் எடையுள்ள எரிமலைக் கல்லை உருட்டி நசுக்குகிறார்கள். பீப்பாய்க்குள் போகும்போதே மிளகுக் காரம், வெந்த கிழங்கின் இனிப்பு, பச்சைப் புல் வாடை என்று தனக்கென ஒரு குணத்தோடு போகிற சரக்கு அது. அதன்மேல் புது மரத்தை ஏற்றினால் இரண்டே ஆண்டில் அத்தனையும் அமுங்கிவிடும். ஹலிஸ்கோவின் வெயிலில் பீப்பாயின் வேலையும் ஸ்காட்லாந்தின் குளிரில் நடப்பதைவிட வேகமாக நடக்கிறது. அங்கே பத்து, பன்னிரண்டு ஆண்டு என்று பழகியவர்கள் இங்கே மூன்றைக் குறைவாக எண்ணக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் நாக்கு தேவையில்லை. குடித்து முடித்த கோப்பையைக் கழுவாமல் இரவு முழுவதும் மேசையிலேயே விட்டுவிட்டு, காலையில் முகர்ந்து பாருங்கள். எல் தெசோரோ கோப்பையின் அடியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோல் போன்ற வாசனை தங்கியிருந்தது. அதற்குப் பின்னால்தான் வனிலா. எர்ராதுராவில் கேரமல் முன்னால் வந்தது, கற்றாழையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. காசா நோப்லேயில் கிராம்பும் பட்டையும். நல்ல வாசனைதான்; ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்தால் பிராந்தி என்று சொல்லியிருப்பேன்.

அதற்காக மற்ற இரண்டும் சோடை என்று சொல்ல வரவில்லை. கோனியாக் என்ற பிரெஞ்சு பிராந்தியை விரும்பும் நண்பருக்குப் பரிசளிப்பதென்றால் காசா நோப்லேயைத்தான் எடுப்பேன். எர்ராதுரா, நான் பார்த்த கடைகளில், மூன்றிலும் விலை குறைவு. போர்பனிலிருந்து டெக்கீலா பக்கம் வருகிறவருக்கு அந்தக் கேரமல் பழகிய வாசலாக இருக்கும். 1974-இல் ரெபொசாடோ என்ற, அன்யேஹோவைவிடக் குறைந்த காலம் ஊறும் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்த வீடு என்ற மரியாதையும் அதற்கு உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊறிய எக்ஸ்ட்ரா அன்யேஹோவைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. பிறர் ஊற்றிக் கொடுத்த சில மடக்குகள்தான் என் அனுபவம். அவற்றில் பெரும்பாலும் மரமே பேசியது. முழு பாட்டிலோடு பழகியவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

போர்பன் பீப்பாய் என்ற இரண்டு சொல்லை நம்பி மட்டும் பணத்தை எடுக்க வேண்டாம். அந்தப் பீப்பாய் டெக்கீலாவுக்கு எத்தனையாவது முறை நிரம்பியது என்பதை லேபிள் பெரும்பாலும் சொல்வதில்லை. பல முறை நிரம்பிக் களைத்த மரம் நிறத்தைக்கூடச் சரியாகத் தராது. அந்தக் குறையை மறைக்க வழியும் இருக்கிறது: கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு ஆகியவற்றை எடையில் 1 சதவீதம் வரை, லேபிளில் குறிப்பிடாமலே சேர்க்க மெக்சிகோ விதி இடம் கொடுக்கிறது. எனவே அடர்ந்த பொன்னிறத்தைப் பார்த்து மயங்குவதில் பொருளில்லை. வெளிர் வைக்கோல் நிறத்தில் இருக்கும் அன்யேஹோதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கேக் கடைக்குள் நுழைந்ததுபோல வனிலா அடித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஊறியதும் முடித்ததும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சில பாட்டில்களில் முழுக் காலமும் போர்பன் பீப்பாயில் கழிந்திருக்கும்; சிலவற்றில் கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றியிருப்பார்கள். இரண்டுக்கும் கேட்கும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நான் முழுக் காலத்தின் பக்கம்.

வாங்கிய பிறகு பாட்டிலை நிறுத்தியே வையுங்கள். படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே புகுந்த காற்று முதலில் கற்றாழை வாசனையைத்தான் தின்கிறது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காமல் சில மாதங்களில் முடித்துவிடுவது நல்லது. மார்கரீட்டா என்ற எலுமிச்சைக் கலவைப் பானம் கலக்க இதில் கைவைக்க வேண்டாம். அதற்குப் பீப்பாயில் ஊறாத பிளாங்கோ போதும்.