ஹட்டனில் ஓர் அன்னசாலை: சாப்பாடு, படுக்கை, பத்திர உதவி

அப்பாவின் திதிக்கு அன்னதானம் கொடுப்பதற்காக, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் சன்மார்க்க அன்பர்கள் சிலர் நடத்தும் அன்னசாலைக்குத் தை மாதம் சென்றிருந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். 1867இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமச்சாலைதான் தங்களுக்கு வழிகாட்டி என்கிறார்கள். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை; இங்கே அரிசியும் கேஸும் விற்கும் விலையில் மாலையில் ஒரு வேளைதான் எரிகிறது.

சோறு, பருப்பு, கோவா வறை, மாசிக் கருவாடு சேராத தேங்காய்ச் சம்பல், கடைசியில் பிளேன்டீ. பருப்பில் உப்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் எல்லாமே சூடாக இருந்தன. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் என்பதால் மலையடிவாரமான நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வீடற்றவர்களும் முதியவர்களும் உண்டு எழுந்த பிறகே அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. எவரிடமும் மதமோ ஊரோ கேட்கவில்லை. சாப்பிடுபவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பதும், கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுவதில்லை என்பதும் அங்கே கண்டிப்பான விதிகள். என் மைத்துனருக்கு இதில் வருத்தம்தான். வேறோர் இடத்தில் பதாகைக்கு முன்னால் முதியவர்களை நிறுத்திப் படம் எடுத்த பின்னரே பொதி கொடுத்ததைப் பார்த்திருந்த எனக்கோ நிம்மதியாக இருந்தது.

எனக்கு எதிரே இருந்த பெரியவருக்குக் கை நடுங்கியது. பரிமாறிய பையன் அவருக்கு மட்டும் கோப்பையில் பாதியளவே தேநீர் ஊற்றினான். குறைத்துக் கொடுக்கிறானோ என்று நினைத்தேன். அவர் குடித்து முடித்ததும் மறுபடியும் வந்து, "தாத்தா, மிச்சத்தையும் ஊத்தவா?" என்று கேட்டு மீதிப் பாதியை ஊற்றினான்.

இவ்வளவு சொன்ன பிறகு படுக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டபத்தின் பின்புறம் ஏறத்தாழ பதினைந்து பேர் படுக்கலாம். பாய் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கம்பளிகளில் ஈரவாடை போகவில்லை. பெண்களின் பகுதியைப் பிரிப்பது ஒரு சேலைத் திரை மட்டுமே. மலசலகூடத்துக்கு வெளியே இறங்கி, கைப்பிடி இல்லாத ஈரப் படிகளில் போக வேண்டும். காலமெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தவர்களை இரவில் அந்தப் படிகளில் இறங்கச் சொல்வது சரியல்ல என்று பொறுப்பாளரிடம் நேரிலேயே சொன்னேன். "தெரியும் ஐயா, சமையல் செலவு போக மிஞ்சுவதில்லை" என்றார்.

சாப்பாட்டைவிடப் பெரிய உதவியாக எனக்குப் பட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது. தொழிலாளர்கள் வசிக்கும் லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமானது; உழைக்கும் பிள்ளை ஒருவரும் அங்கே இல்லையென்றால் முதுமையில் தங்குமிடம் கேள்விக்குறியாகிவிடுகிறது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெற முடியும் என்றாலும், செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் அந்தப் பணம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் அத்தகையவர்களின் விண்ணப்பங்களை நிரப்பி, தேவைப்பட்டால் பிரதேச செயலகத்துக்கும் உடன் போகிறார். அவரைப் பார்க்க முற்பகலிலேயே போய்விட வேண்டும். பிற்பகலில் வரிசை வாசல்வரை நீண்டுவிடுகிறது.

திதிக்கோ பிறந்த நாளுக்கோ கொடுக்க விரும்புபவர்கள் சமைத்த உணவை எடுத்துப் போக வேண்டாம். அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை முதல் நாளே ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மூன்று வாரம் கழித்து நான் இரண்டு கம்பளிகளுடன் மறுபடியும் போனபோது அந்தப் படிகளின் ஓரமாகத் தடித்த கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கம்பி இன்னும் போடவில்லை.