கல் மண்டபத்துக்குப் பாசி எடுக்கும் வேலை: 3.5/5

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஏறிக்கிடந்த கறுப்பை எடுக்க ஒரு தனியார் குழுவைக் கூப்பிட்டோம், பெயர் வேண்டாம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மணல் பீய்ச்சும் மெஷினைக் கொண்டுவரவில்லை. அது கல்லின் மேல்தோலையே உரித்து, சிற்பத்தின் மூக்கு முழியை மழுக்கி, சொரசொரப்பாக விட்டுவிடும். அதில் ஈரம் தங்கிப் பாசி இன்னும் வேகமாக வரும். இவர்கள் தண்ணீரில் கொஞ்சம் அமோனியா, சோப்புத் திரவம், நைலான் பிரஷ், அவ்வளவுதான். தொல்லியல் துறையிலும் இந்த முறை உண்டு. நெடி மட்டும் மூக்கைத் துளைக்கும்.

கல்வெட்டு எழுத்துக்குள் சாம்பல் பொருக்காக ஒட்டியிருந்தது லைக்கன், பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதன் பங்காளி. அது ஆக்சாலிக் அமிலம் சுரந்து, இழைகளைக் கல்லின் மணிகளுக்கு நடுவே இறக்கிவிடும், பிய்த்து இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். அதனால் நன்றாக ஊறவிட்டு மூங்கில் குச்சியால் பொறுமையாக நெம்பினார்கள். அதற்கே முழு மார்க்.

குறை? மறுபடி முளைக்காமல் இருக்க அடிக்கும் மருந்துக்குத் தனிக் காசு என்று கடைசியில்தான் வாயைத் திறந்தார்கள். அப்புறம் பளபளவென்று வார்னிஷ் அடிக்கலாம் என்று ஒரே நச்சரிப்பு, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் உரிந்து வரும் என்று மறுத்துவிட்டோம். கூரை ஒழுகலை யாரும் ஏறிப் பார்க்கவே இல்லை. கூப்பிடுவதாக இருந்தால் இதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.